அடுத்த தெரு சபையோடு நமக்கு என்ன உறவு? தருமபுரி, கிருஷ்ணகிரி திருச்சபைகளின் ஐக்கியம் பற்றி ஒரு விவாதம்

தருமபுரி ஆசிரியர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரம். எங்கள் ஊரிலும் ஒரு மாலை எல்லா சபையாரும் ஒரே கோவிலில் கூடுகிறோம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆயர் ஜெபிக்கிறார், ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பங்குத்தந்தை செய்தி கொடுக்கிறார், லுத்தரன் பாடகர் குழு பாடுகிறது. முடிந்ததும் டீ, பிஸ்கட், ஒரு குழுப்படம். அதற்குப் பிறகு டிசம்பரில் ஐக்கிய கிறிஸ்துமஸ் வரும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். சேலத்தில் 1827இல் லண்டன் மிஷன் வேலை தொடங்கியபோது தருமபுரியும் ஓசூரும் சேலம் மாவட்டத்துக்குள் இருந்த ஊர்கள். அந்த மிஷன் பிற்பாடு உலக ஊழியக் குழுமமாக மாறியது. 1977இல் அதன் அமைப்பையே மாற்றினார்கள். அதுவரை லண்டன் கொடுக்கும், நாம் வாங்குவோம். அந்த ஆண்டிலிருந்து எல்லா சபைகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, பணத்தையும் ஆட்களையும் எங்கே அனுப்புவது என்று சேர்ந்து முடிவு செய்யும் முறை வந்தது. அது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. கடல் கடந்த சபையோடு நம்மால் அப்படிச் சமமாக உட்கார முடிகிறது. பென்னாகரம் ரோட்டில் இருக்கிற இன்னொரு சபையோடு மட்டும் ஏன் முடியவில்லை?

வருடம் முழுக்க நாம் சேர்ந்து செய்யக்கூடியது என்ன, சேர்ந்து செய்ய முடியாதது என்ன, அதற்குக் காரணம் என்ன? மூன்றையும் வெளிப்படையாகப் பேசலாம் என்று நினைக்கிறேன். தயவுசெய்து யாரும் யாரையும் "அவர்கள் ரட்சிக்கப்படாதவர்கள்" என்று எழுத வேண்டாம்.

கிருஷ்ணகிரி லுத்தரன்

ஐயா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் மூன்றாவது கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். காரணத்தைப் பேசாமல் கை குலுக்கினால் அந்த ஐக்கியம் அடுத்த கமிட்டித் தேர்தல் வரைகூடத் தாங்காது.

எங்கள் ஊர் சபை எப்படி வந்தது என்று பலருக்குத் தெரியாது. தியோடர் நேதர், ஃபிரான்ஸ் மோன் என்ற இருவர் முதலில் தரங்கம்பாடி வழிவந்த ஜெர்மானிய லுத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷனில் இருந்தவர்கள். 1890களின் தொடக்கத்தில் வேதாகமத்தின் அதிகாரம் பற்றி அங்கே பெரிய கருத்து வேறுபாடு எழுந்தது. வேதம் முழுவதும் தவறற்றது என்பதில் இந்த இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மிஷனை விட்டு வெளியே வர வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் மிசூரி சினாடு என்ற லுத்தரன் சபை இவர்களை ஏற்று அனுப்பியது. 1895இல் நேதர் கிருஷ்ணகிரியில் வேலை தொடங்கினார். மோன் ஆம்பூருக்குப் போனார். இன்றைய இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு விதை விழுந்தது இந்த ஊரில்தான்.

அதாவது லுத்தரனிலிருந்தே லுத்தரன் பிரிந்து வந்த கதை எங்களுடையது. நேதர் 1904இல் பிளேக் நோயில் இறந்தார். நம்பிக்கைக்காகப் பிரிந்து வந்த மனிதர் அந்த நம்பிக்கையோடேயே இந்த மண்ணில் மடிந்தார். ஆகவே "கோட்பாடெல்லாம் எதற்கு, எல்லாம் ஒரே இயேசுதானே" என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கும். எங்கள் பாரம்பரியத்தில் பலிபீடத்தையும் பிரசங்க பீடத்தையும் பகிர்வதற்கு முன் விசுவாசத்தில் உடன்பாடு வேண்டும். திருவிருந்தில் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் மெய்யாகவே இருக்கின்றன என்று நாங்கள் அறிக்கையிடுகிறோம். அது வெறும் நினைவுச் சின்னம் என்று சொல்பவரோடு ஒரே பந்தியில் மண்டியிட்டால், இருவரில் ஒருவர் தன் மனசாட்சிக்கு எதிராக நடக்கிறார்.

ஜெபம் செய்வோம். ஏழைக்குச் சேர்ந்து சோறு போடுவோம். ஆனால் திருவிருந்தை அவசரப்படுத்தாதீர்கள்.

மாந்தோப்பு

லுத்தரன் அண்ணன் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் உடன்பாடு வரட்டும் என்று எத்தனை தலைமுறை காத்திருப்பது? என் மனைவி ஆர்.சி., நான் சி.எஸ்.ஐ. எங்கள் வீட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஓடுகின்றன. பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு எந்தக் கமிஷனும் பதில் தரவில்லை.

இறையியல் மாணவி

லுத்தரன் அண்ணா, உங்கள் ஊர் வரலாற்றை எழுதியதற்கு நன்றி. நான் பாலக்கோடு பக்கம். இப்போது மதுரை அரசரடியில் இறையியல் படிக்கிறேன். எங்கள் கல்லூரி 1969இல் சி.எஸ்.ஐ. சபையும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து உருவாக்கியது. ஒரே விடுதியில் தங்கி, ஒரே சிற்றாலயத்தில் ஜெபிக்கிறோம். உடன்பாடு எட்டாத இடங்களில் இன்னும் வாதாடுகிறோம். காத்திருத்தலும் சேர்ந்து வாழ்தலும் ஒரே நேரத்தில் முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் ஒரு கூட்டம் நடந்தது. 33 பேர் வந்தார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா அதில் முக்கியமானவர். இந்தியாவில் சுவிசேஷம் சொல்லும் பெரிய பொறுப்பு நம் முன் இருக்கும்போது, நாம் உண்டாக்காத பிரிவினைகள் நம்மைப் பலவீனமாக்குகின்றன என்று அவர்கள் அறிக்கை விட்டார்கள். அந்த அறிக்கையிலிருந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறக்கும் வரை 28 ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடந்தது. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், ஏற்கெனவே 1908இல் இணைந்திருந்த பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் எல்லாம் ஒன்றாயின.

பேராயர்கள் வேண்டுமா வேண்டாமா என்பதுதான் பெரிய முடிச்சு. ஏற்கெனவே ஊழியம் செய்துகொண்டிருந்த குருக்கள் யாருக்கும் மறுபடி அபிஷேகம் கிடையாது, இனி வருபவர்களுக்குப் பேராயர்தான் அபிஷேகம் செய்வார் என்று அதை அவிழ்த்தார்கள். பழக்கமில்லாத ஆராதனை முறையை எந்தச் சபை மீதும் திணிக்க மாட்டோம் என்ற உறுதியும் கொடுத்தார்கள். ஆகவே கோட்பாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இணைந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. வரி வரியாகப் பேசித்தான் இணைந்தார்கள்.

சி.எஸ்.ஐ.யும் லுத்தரன் சபைகளும் 1940களின் இறுதியில் இறையியல் உரையாடலைத் தொடங்கின. திருவிருந்து உட்படப் பல விஷயங்களில் உடன்பட்ட அறிக்கைகள் வந்தன. ஒரே சபை ஆகவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம். ஆனால் அந்த அறிக்கைகள் நூலகத்தில் தூங்குகின்றனவே, நம் ஊர் சபை மக்களில் ஒருவராவது அவற்றைப் படித்திருப்பாரா என்பது அதைவிடப் பெரிய வருத்தம். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து, விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதல் பற்றிக் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். லூத்தர் காலத்திலிருந்து ஐரோப்பா பிளந்து கிடந்த விஷயம் அது. தருமபுரியில் எந்தப் பிரசங்கத்திலாவது அதைக் கேட்டிருக்கிறோமா?

1952இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் சபைகள் ஒரு கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொண்டன. ஆழமான நம்பிக்கை வேறுபாடு தனியாக நடக்கச் சொல்லும் காரியங்களைத் தவிர, மற்ற எல்லாவற்றையும் நாம் சேர்ந்தே செய்ய வேண்டாமா என்று. அண்ணா, திருவிருந்து அந்த "தவிர"வுக்குள் வரும் என்கிறீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்லறை வருமா? கிறிஸ்துமஸ் கீதபவனி வருமா? பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான டியூஷன் வருமா? தனித்தனியாகச் செய்ய எந்தக் கோட்பாடும் சொல்லாதவற்றையும் நாம் தனித்தனியாகத்தான் செய்கிறோம்.

பென்னாகரம் ஊழியர்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். தங்கை எழுதியதைப் படித்தேன். நல்ல விஷயங்கள். ஆனால் உங்கள் 1919லும் 1947லும் 1999லும் எங்களுக்கு இடம் இல்லை. நான் ஒரு சின்ன பெந்தெகொஸ்தே சபையின் ஊழியன். வாடகை ஷெட்டில் ஆராதனை. சபையில் பாதிப்பேர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் வருகிறவர்கள்.

கல்லறை என்றதால் சொல்கிறேன். எங்கள் சபைத் தாயார் ஒருவர் இறந்தபோது, ஒரு பழைய சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டோம். எந்தச் சபை என்று எழுத மாட்டேன். "உங்கள் ஆட்களுக்கு இங்கே இடமில்லை" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். உறவுக்காரரின் நிலத்தில் அடக்கம் செய்தோம். அந்தத் தாயாரின் மகன் இன்றைக்கும் எந்த ஐக்கியக் கூட்டத்துக்கும் வர மாட்டேன் என்கிறான். அவனிடம் நான் என்ன சொல்வது?

கல்யாணமும் அப்படித்தான். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி எல்லா ஊழியரும் திருமணம் நடத்திவிட முடியாது. உரிமம் வேண்டும். என்னைப் போன்ற பலரிடம் அது இல்லை. பெரிய சபை ஆயர் யாராவது வந்து நடத்திக் கொடுத்தால் மணமக்களுக்குச் சான்றிதழ் கிடைக்கும். கேட்டால் "முதலில் எங்கள் சபையில் சேருங்கள்" என்கிறார்கள்.

அரூர் அன்பியம்

பிரதர், அந்தத் தாயாருக்கு நடந்ததைப் படித்ததும் மனம் கனத்தது. ஒரு விசுவாசியின் உடலுக்கு நாம் அப்படிச் செய்யக் கூடாது.

நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் பக்கத்து வலியையும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவில், யாராவது நோயில் படுத்தால் முதலில் வீட்டுக்கு வருவது உங்களைப் போன்ற ஊழியர்கள்தான். அதற்கு நன்றி. ஆனால் ஜெபம் முடிந்ததும் "மாதா படத்தை எடுத்துப் போடுங்கள், ஜெபமாலை விக்கிரகம், ஞானஸ்நானம் மறுபடி எடுத்தால்தான் ரட்சிப்பு" என்கிறார்கள். நோயாளி பயத்தில் தலையாட்டுகிறார். பிறகு அந்தக் குடும்பமே உடைகிறது. கோவிலூர், ஏலத்தகிரி போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வந்த விசுவாசத்தை ஒருவர் ஐந்து நிமிடத்தில் பொய் என்று சொல்லிவிட்டுப் போனால், அவரோடு நான் எப்படி ஐக்கிய ஜெபத்தில் கைகோப்பேன்?

திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நான விஷயத்தில் எங்கள் திருச்சபையின் நிலை பலருக்குத் தெரியாது. தண்ணீரால், தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் கொடுக்கப்பட்ட திருமுழுக்கை எந்தச் சபை கொடுத்தாலும் நாங்கள் ஏற்கிறோம். சி.எஸ்.ஐ.யிலிருந்தோ லுத்தரனிலிருந்தோ ஒருவர் கத்தோலிக்கராக வந்தால் மறுபடி திருமுழுக்குக் கிடையாது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒற்றுமை பற்றிய ஆணையை வெளியிட்டபோது, பிரிந்த சகோதரர்களோடு சேர்ந்து ஜெபிப்பது விரும்பத்தக்கது என்றே சொன்னது. நற்கருணையில், அதாவது திருவிருந்தில் மட்டும் நாங்களும் லுத்தரன் அண்ணன் போலத்தான். சில அவசர நிலைகளைத் தவிரப் பொதுவாகப் பகிர்வதில்லை.

மாந்தோப்பு சகோதரருக்கு: நீங்களும் உங்கள் மனைவியும் இருவருமே திருமுழுக்குப் பெற்றவர்கள். அதனால் உங்கள் திருமணத்துக்கு எங்கள் மறைமாவட்ட ஆயரின் அனுமதிதான் தேவைப்பட்டிருக்கும். தருமபுரி மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது, இரண்டு மாவட்டங்களும் அதற்குள்தான் வருகின்றன. இப்படிப்பட்ட குடும்பங்களை இரண்டு சபைக் குருக்களும் சேர்ந்து சந்திக்க வேண்டும் என்று நீங்களே உங்கள் பங்கில் கேட்கலாம். கேட்பவர்கள் இல்லாததால்தான் நடக்காமல் இருக்கிறது.

பென்னாகரம் ஊழியர்

சிஸ்டர், கோபமில்லை. ஞானஸ்நானம் பற்றி என் நம்பிக்கை வேறு. விசுவாசித்த பிறகே முழுக்கு என்று நம்புகிறேன், அதில் மாற மாட்டேன். ஆனால் நோயாளியின் படுக்கைப் பக்கத்தில் அந்த விவாதம் கூடாது. அது சரிதான். எங்கள் தாலுக்கா ஊழியர் ஐக்கியக் கூட்டத்தில் இதை எழுப்புகிறேன். நோயாளியைப் பார்க்கப் போனால் அவருடைய பங்குத்தந்தைக்கோ ஆயருக்கோ ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவது என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்தில் எதிர்ப்பு வரும், இருந்தாலும் பேசுகிறேன்.

ஓசூர் செவிலியர்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஓசூரில் இப்போது ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்யும் பெண் பிள்ளைகள் ஏராளம். தொழிற்சாலை, விடுதி, பஸ், மறுபடி தொழிற்சாலை. பலருக்கு இருபது வயதுதான் இருக்கும். மருத்துவமனைக்கு வரும்போது கழுத்தில் சிலுவை பார்த்திருக்கிறேன். முண்டா, உராவ் பழங்குடிப் பிள்ளைகள். சிலர் கத்தோலிக்கர், சிலர் லுத்தரன். ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாய் என்று கேட்டால், "எங்கும் இல்லை தீதி (அக்கா), இங்கே எல்லாம் தமிழ், கன்னடம், தெலுங்கு" என்கிறார்கள்.

லுத்தரன் அண்ணா, உங்களைத்தான் கேட்கிறேன். ராஞ்சியில் 1845இல் ஜெர்மனியிலிருந்து வந்த கோஸ்னர் மிஷனரிகளின் ஊழியத்தில் பிறந்த சபை அவர்களுடையது. 1919இலேயே தன்னாட்சி பெற்ற சபை. உங்கள் சபையும் கோஸ்னர் சபையும் இந்திய ஐக்கிய சுவிசேஷ லுத்தரன் சபைகளின் கூட்டமைப்பில் உறுப்பினர்கள். பங்காளிச் சபை, சகோதரச் சபை என்று கடிதத்தாளில் அச்சடிக்கிறோம். அந்தச் சகோதரி காய்ச்சலோடு ஓசூர் விடுதியில் தனியாகப் படுத்திருக்கிறாள்.

இதற்கு யாருடைய கோட்பாடும் குறுக்கே வராது. ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம், ஒரு இடம், இந்தி அல்லது அவர்கள் பக்கத்துச் சாத்ரி மொழியில் பாட்டும் ஜெபமும். ஆர்.சி. பிள்ளைகளுக்கு ஆர்.சி. கோவிலில் இந்திப் பூசை வைக்கலாம். மற்றவர்களுக்கு ஏதாவது ஒரு சபையின் ஹால். பூசையும் ஆராதனையும் முடிந்த பிறகு இருவரும் சேர்ந்து சாப்பிடட்டும். அரிசியை நாம் போடுவோம், அவர்களே சமைக்கட்டும், ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டு எத்தனை மாதம் ஆகிறதோ. சம்பளப் பிரச்சினை, விடுதிப் பிரச்சினை, உடம்புக்கு முடியாத பிரச்சினை எல்லாம் அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான் வெளியே வரும். அவர்கள் வாயைத் திறக்கும் இடம் ஒன்று வேண்டும்.

இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். அவர்களைத் தன் சபைக்கு ஆள் சேர்க்கும் இடமாக யாரும் ஆக்கக் கூடாது. விடுதி நிர்வாகத்திடம் மறைக்காமல் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகளுக்குத்தான் சிக்கல்.

கிருஷ்ணகிரி லுத்தரன்

சிஸ்டர், நீங்கள் எழுதியதை எங்கள் சபைக் கமிட்டித் தலைவருக்கு வாசித்துக் காட்டினேன். கோஸ்னர் சபைப் பிள்ளைகள் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதே அவருக்குப் புதிய செய்தி. சென்னையில் இருக்கும் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு எழுதி, இந்தியில் ஆராதனை நடத்தத் தெரிந்த ஒருவரை மாதம் ஒருமுறையாவது அனுப்பக் கேட்கலாம் என்றார். சென்னை குருகுலம் இறையியல் கல்லூரியில் வடக்கிலிருந்து வந்து படிக்கும் மாணவர்கள் உண்டு, அங்கும் கேட்கலாம்.

தங்கை சொன்ன லுண்ட் கேள்வியும் மனதில் நிற்கிறது. திருவிருந்தில் என் நிலை அப்படியேதான். மற்றவற்றில் நாம் தனியாக நின்றதற்குப் பெரும்பாலும் பழக்கம்தான் காரணம். அதற்கு நேதரைச் சாட்சிக்கு அழைக்க எனக்கு உரிமை இல்லை.

சேரியிலிருந்து ஒரு குரல்

எல்லோரும் அழகாகப் பேசுகிறீர்கள். ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை. பல ஊர்களில் நம்மைப் பிரிப்பது ஆக்ஸ்பர்க்கும் ரோமாபுரியும் இல்லை, சாதி. ஒரே சபைக்குள்ளேயே தெரு பார்த்துத்தான் பெண் எடுக்கிறார்கள், கமிட்டிக்கு ஆள் போடுகிறார்கள். ஊழியரின் தாயாருக்கு இடம் மறுத்ததில் சபை வித்தியாசம் மட்டும்தான் இருந்ததா? யோசித்துப் பாருங்கள்.

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் எங்களையும் சேர்க்கச் சொன்னது. அந்த 1950 ஆணை வெளியான ஆகஸ்ட் 10ஆம் தேதியைக் கத்தோலிக்க ஆயர் பேரவையும் இந்தியத் திருச்சபைகளின் தேசிய மன்றமும் கறுப்பு நாளாக அனுசரிக்கின்றன. டெல்லியில் சேர்ந்து நிற்கும் சபைகள் தருமபுரி ஆட்சியர் அலுவலகத்துக்கு முன்னால் சேர்ந்து நின்றால், அந்த ஐக்கியத்தை நான் நம்புவேன்.

பென்னாகரம் ஊழியர்

ஐயா, நீங்கள் கேட்டதற்குப் பதில்: சபை வித்தியாசம் மட்டும் இல்லை. நான் முதலில் எழுதத் தயங்கினேன்.

இறையியல் மாணவி

இந்தப் பதிவைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அசரியா 1910இல் எடின்பரோ மாநாட்டில் மேலைநாட்டு மிஷனரிகளைப் பார்த்து, நீங்கள் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதே கேள்வியை இன்று நம் சேரிச் சபைகள் நம் டவுன் சபைகளைப் பார்த்துக் கேட்கின்றன. டவுன் ஆயர்கள் மாதம் ஒரு ஞாயிறு காலனிச் சபையில் போய் உட்காரட்டும். பிரசங்கிக்க வேண்டாம், கேட்கட்டும்.

மாந்தோப்பு

ஆகஸ்ட் 10க்கு நான் வருகிறேன். என் மனைவியும் வருவாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு சபைக் குருக்களும் சேர்ந்து வருவது பற்றி இந்த வாரமே இரண்டு பக்கமும் கேட்கப் போகிறேன்.

தருமபுரி ஆசிரியர்

நான் எதிர்பார்த்ததை விட ஆழமாகப் பேசியிருக்கிறீர்கள். மூன்று வேலைகளை இங்கேயே பிரித்துக்கொள்ளலாம்.

கல்லறை: பழைய கல்லறைத் தோட்டங்களை எல்லா சபையாருக்கும், எல்லாத் தெருவாருக்கும் திறக்கும்படி ஒவ்வொருவரும் தம் கமிட்டியில் தீர்மானம் கேட்க வேண்டும். இடமே இல்லாத ஊர்களுக்குப் பொதுவான கிறிஸ்தவ மயானம் கேட்டு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒரே மனுவாகக் கொடுப்போம். ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே எல்லோர் கையெழுத்தும் ஒரே தாளில் இருக்க வேண்டும். ஊழியர் பிரதர், முதல் கையெழுத்து அந்தத் தாயாரின் மகன் போட்டால் நன்றாக இருக்கும். நான் வந்து அவரிடம் பேசட்டுமா?

ஓசூர்: செவிலியர் சிஸ்டரும் லுத்தரன் தம்பியும் பொறுப்பு. முதல் ஞாயிறுக்கு அரிசி, பருப்பு எங்கள் சபை பெண்கள் ஐக்கிய சங்கம் தரும், கேட்டுவிட்டேன்.

திருமணம்: உரிமம் உள்ள எங்கள் ஆயர், சிறிய சபைகளின் திருமணங்களை உறுப்பினராகச் சேரச் சொல்லாமல் நடத்தித் தரத் தயாராக இருக்கிறார். மணமக்கள் சார்ந்த ஊழியரே செய்தி கொடுக்கலாம் என்கிறார். சட்டப்படி என்னென்ன தாள் வேண்டும், எத்தனை நாள் முன்பு அறிவிக்க வேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன். 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடமும் பதிய வேண்டும், அதையும் சேர்த்து.

மயான மனுவின் வரைவை வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இங்கே போடுகிறேன். எந்தெந்த ஊர்களில் இடம் இல்லை என்று தெரிந்தவர்கள் அதற்கு முன் ஊர்ப் பெயரையும் தாலுக்காவையும் மட்டும் எழுதுங்கள், குடும்பங்களின் பெயர் வேண்டாம்.

அரூர் அன்பியம்

அரூர் தாலுக்காப் பட்டியலை நான் தருகிறேன். எங்கள் பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையாருக்கு எல்லா ஊரும் அத்துப்படி.